தொண்ணூற்றொன்றும் முப்பத்து நான்கும்

முப்பத்திரண்டு வருடம் குன்னூரில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். சாக்ஸுக்குள் செருகிய பிட்டையும், ஸ்கேலின் பின்பக்கம் பென்சிலில் எழுதிய இலக்கணத்தையும், ஜெபம் பண்ணுவதுபோல் கையைக் குவித்து அதற்குள் படித்த போதகர் மகனையும் பிடித்திருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். தபித்தாள் என்று அப்பா வைத்த பெயரைவிட அந்தப் பெயருக்குத்தான் ஊரில் பயம் அதிகம்.

ரிட்டயரான பிறகு ஒரு மருத்துவ அறக்கட்டளை என்னைப் பரீட்சை வைக்கக் கூப்பிட்டது. வெளிநாட்டு முதியோர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவர்கள் ஏழு நர்சுகளை அனுப்ப வேண்டும். சனிக்கிழமை எழுத்துப் பரீட்சை, திங்கட்கிழமை நேரில் உட்காரவைத்துப் பேச்சுப் பரீட்சை. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வாங்கியாக வேண்டும். இதில் ஒரு விதி உண்டு. பேச்சுப் பரீட்சை எடுப்பவர் அது முடியும்வரை எழுத்துத் தாளைப் பார்க்கக் கூடாது. நானோ சனிக்கிழமையே தாள்கட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு திருத்த உட்கார்ந்துவிட்டேன். திருத்தாத தாள் வீட்டில் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. விதியெல்லாம் நேற்று வந்தவர்களுக்கு என்று நினைப்பு.

இருபத்து மூன்று தாள். வழக்கமான குப்பைதான். பத்தொன்பதாவது தாளில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தாறு. மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் டிஸ்பென்சரியில் நர்ஸ். ஒரு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அங்கே உள்ள டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது கேள்வி. மற்றவர்கள் நோயாளியின் பாட்டன் பூட்டன் கதையெல்லாம் எழுதியிருந்தார்கள். இவள் ஒரே பக்கத்தில் முடித்திருந்தாள். எது அவசரமோ அது முதலில். என்ன செய்தேன், என்ன செய்யவில்லை, ஏன் செய்யவில்லை. கடைசியில் டாக்டரிடம் கேட்கும் ஒரே ஒரு கேள்வி. எடுத்துவிட ஒரு வார்த்தை இல்லை, சேர்க்கவும் ஒன்று இல்லை. என் சர்வீஸில் அப்படி ஒரு தாளைத் திருத்தியதில்லை.

தொண்ணூற்றொன்று போட்டேன். போட்ட உடனே சந்தேகம் வந்தது. ஒரு டிவிஷன் டிஸ்பென்சரி நர்சுக்கு இந்த எழுத்து எங்கிருந்து வந்தது? கேள்வி வெளியே போயிருக்கிறது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இவள் மனப்பாடம் செய்து வந்து கக்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். கேள்வித்தாள் டைப் செய்த தினேஷ்குமாரின் சொந்த ஊர் எது என்று யோசித்தேன். மஞ்சூர். அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட இருந்தது, மறைப்பானேன்.

திங்கட்கிழமை அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடியில் இரண்டு கையும் கோத்து வைத்திருந்தாள். பரீட்சை பன்னிரண்டு நிமிஷம். அதை ஆபீஸ் போனிலும், என் திருப்திக்கு என் போனிலும் பதிவு செய்வது வழக்கம்.

வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை, ஒரு நிறுத்தம். இன்னொரு வார்த்தை, அதைத் திருத்தி வேறொன்று. எழுதியவள் இவளில்லை என்று என் மனசு கைதட்டியது.

"உங்களுக்கு இங்கிலீஷ் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"எஸ்டேட் டாக்டர், மேடம்."

"அவரோடு இங்கிலீஷில் பேசுவீர்களா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நோ மேடம்," என்றாள்.

பேசாமலே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் டாக்டர்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல் மண்டியது. அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. குன்னூர் டிசம்பரில் யாருக்காவது வேர்க்குமா? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். முப்பத்து நான்கு போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அறக்கட்டளை நிர்வாகி ராஜசேகரிடம் போய் இரண்டு மார்க்கையும் மேஜைமேல் வைத்தேன். ராஜசேகர் அதட்டிப் பேச மாட்டார், எல்லாவற்றையும் ஃபைலில் போடுகிற மனிதர்.

"தொண்ணூத்தொண்ணு, முப்பத்துநாலு. ஏனுங்க டீச்சர், ஒரே ஆளுங்களா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். கேள்வி வெளிய போயிருக்கு."

"அப்படிப் போயிருந்தா அவங்களை மூணு வருஷத்துக்கு எழுத விடக்கூடாதுங்க. ஆனா ஆதாரம் வேணுமே. அடுத்த திங்கக்கிழமை லிஸ்ட் போகுதுங்க."

"ஆதாரத்தை நான் கொண்டாரேன்," என்று எழுந்தேன்.

புதன்கிழமை காலை மஞ்சூர் பஸ் ஏறினேன். மஞ்சூரிலிருந்து ஜீப். கடைசி இரண்டு கிலோமீட்டரில் போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து காணாமல் போனது. டிஸ்பென்சரி ஒரு தகரக்கூரைக் கட்டடம். பின்னால் லயம், வரிசையாகப் பத்து வீடு. அதில் ஒன்று அவளுடையது என்று ஜீப்காரன் சொன்னான். மார்ச் மாதத்தோடு டிஸ்பென்சரியை மூடுகிறார்களாம். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவளுடைய தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கு எஸ்டேட் வீட்டை விட்டால் வேறு மண் கிடையாது. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். இதைக் கேட்டும் என் மனசு இளகவில்லை. தேவை இருப்பவர்தானே திருடுவார் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர்... உள்ளாற வாங்க. டீ போடட்டுங்களா?"

"டீ இருக்கட்டும். அன்னைக்கு ஒரு டாக்டர்னு சொன்னீங்கல்ல, அவரு யாரு?"

"தேவநேசன் டாக்டருங்க. மிலிட்டரியில இருந்தவரு. கீழ ஃபேக்டரி டிவிஷன் ஆஸ்பத்திரியில இருக்காரு."

"அவர்கிட்ட இங்கிலீஷ்ல பேசறதில்லைன்னும் சொன்னீங்க."

"நேர்ல பாத்தா தமிழ்லதானுங்க டீச்சர் பேசுவோம். அவரும் தமிழர்தானே. அதுவும் மாசத்துக்கு ஒருக்கா."

அவள் அலமாரியைத் திறந்தாள். உள்ளே நீள நோட்டுகள், முதுகில் வருஷம் எழுதி, எட்டு வருஷத்துக்கு. இங்கே போன் எடுக்காது. அதனால் நோயாளியைப் பற்றி டாக்டரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நோட்டில் எழுதி, ஃபேக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போகும் லாரியில் கொடுத்துவிடுவாள். லாரி பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. அடுத்த நடையில் டாக்டரின் பதில் நோட்டில் ஏறி வரும். மருத்துவக் குறிப்பு இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது தேவநேசனின் மிலிட்டரிச் சட்டம். நோட்டைப் புரட்டினேன். முதல் வருஷம் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. இங்கே அடித்து, அங்கே வட்டம் போட்டு, 'இதைச் சொல்ல இத்தனை வரி எதற்கு?' என்று ஓரத்தில் திட்டு. நான்காம் வருஷத்தில் சிவப்பு குறைந்தது. ஆறாம் வருஷத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் அப்போதும் விடவில்லை. நோட்டை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கையெழுத்தை ஒப்பிட என் பையிலிருந்து பரீட்சைத் தாளின் நகலை எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் வெளியே கூச்சல். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கருப்பம்மா என்ற பெண்ணைக் குளவி கொட்டிவிட்டதென்று நான்கு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என்னோடு பேசத் திணறிய அந்தக் கோகிலவாணியைக் காணோம். ஊசி போட்டாள், படுக்கவைத்துக் காலை உயர்த்தச் சொன்னாள், கொட்டிய இடங்களை எண்ணினாள், நாடியைப் பிடித்தபடி அதட்டி அதட்டிப் பேச்சுக் கொடுத்தாள். மூச்சு சீரானதும் லாரியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, நின்றவாக்கிலேயே ஜன்னல் கட்டையில் நோட்டை வைத்து எழுதினாள். கூடி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், கருப்பம்மாவின் மகள் அழுதாள். பேனா நிற்கவில்லை. நான் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துப் படித்தேன். எத்தனை மணிக்கு, எத்தனை கொட்டு, என்ன மருந்து எவ்வளவு, மூச்சு எப்போது திரும்பியது, இனிமேல் எதற்குப் பயப்படுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி. நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது.

அதே எழுத்து. அதே தொண்ணூற்றொன்று.

கருப்பம்மாவும் நோட்டும் லாரியில் போனபின் நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. "நான் கிளம்பறேம்மா" என்று மட்டும் சொல்ல வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் என்னிடம் சொல்லிக் கேட்டது, என் வாயில் பழக்கமில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் போனிலிருந்த பதிவைக் காதில் மாட்டிக் கேட்டேன். பன்னிரண்டு நிமிஷத்தில் அவள் குரல் எவ்வளவு என்று வாட்சைப் பார்த்து எண்ணினேன். மூன்று நிமிஷம்கூட இல்லை. மீதி ஒன்பதும் என் குரல். அழகான இங்கிலீஷ், அதில் சந்தேகமில்லை. ஒரு இடத்தில் அவள் நோயாளியின் மகனுக்குச் செய்தியை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று ஆரம்பிக்கிறாள். மெதுவாகத்தான், ஆனால் சரியாக வருகிறது. பாதி வாக்கியத்தில் நான் குறுக்கே விழுந்து, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்கிறேன். அதற்குப் பிறகு அவள் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசவில்லை. இப்படி ஒன்பது தடவை குறுக்கிட்டிருக்கிறேன். நான் பரீட்சை வைக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்திருக்கிறேன். தாளை முன்கூட்டிப் படிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி எதையும் கேட்டிருக்க மாட்டேன். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு வந்திருந்தது முற்றிய காமாலை.

வியாழக்கிழமை காலை ராஜசேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை மீறித் தாளை முன்பே பார்த்ததையும் சொன்னேன். பதிவைப் போட்டுக் காட்டினேன். என் குரலை அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பது பல் பிடுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"தப்பு என் மேல. பேச்சுப் பரீட்சையை மட்டும் மறுபடி வைங்க. எழுத்து அவளோடதுதான், என் கண்ணால பாத்தேன். நோட்டை எல்லாம் போட்டோ எடுத்திருக்கேன்."

ராஜசேகர் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நோட்டை யாரு வேணா எழுதியிருக்கலாமுங்களே டீச்சர். நீங்களே கேள்வி வெளிய போச்சுன்னு சொல்லி, அது ஃபைல்ல ஏறிருச்சு. ரெண்டையும் புதுசா வெச்சிருவோம். நம்ம இன்னொரு எக்ஸாமினர் ஈவ்லின் மேடம் பாக்கட்டும், நீங்க இதுல வேண்டாம். அப்புறம் யாருக்கும் சந்தேகம் இருக்காது பாருங்க."

நான் சம்மதித்தேன். எழுத்தில் அவளுக்கு என்ன பயம், எத்தனை தரம் வைத்தாலும் எழுதுவாள் என்று நினைத்தேன். டாக்டர் தேவநேசனின் ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டு, சனிக்கிழமை வரச் சொல்லி லாரியில் தகவல் அனுப்பவைத்தேன்.

சனிக்கிழமை நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோகிலவாணி அதே காட்டன் புடவையில் வந்து எனக்கு வணக்கம் சொன்னாள். ராஜசேகர் வெளியே வந்து அவளிடம் தன்மையாகத்தான் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. போன தடவை நீங்க எழுதினதும் பேசினதும் ஒத்துப் போகலை. அதுதான் எல்லாப் பிரச்சினையும். ரெண்டும் ஒத்துப் போகணும், அவ்வளவுதான் நாங்க பாக்கறோம்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ஈவ்லின் என்னைவிட இருபது வயது இளையவள், பொறுமைசாலி. முதலில் பேச்சு, பிறகு எழுத்து. ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. இரண்டு மணிக்கு ராஜசேகர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"பேச்சு அறுபத்து மூணு. நீங்க சொன்னது சரிதானுங்க, நல்லாத்தான் பேசறாங்க. எழுத்து அம்பத்து ரெண்டு."

"எவ்வளவு?"

"அம்பத்து ரெண்டுங்க. இப்ப ரெண்டும் ஒரு ஆளு மாதிரி இருக்குது பாருங்க. அப்ப அந்தத் தொண்ணூத்தொண்ணு யாருதுன்னு இனி கேக்கவே வேண்டாம். மூணு வருஷம் தடைன்னு எழுதிர்றேன். தினேஷ்குமாரையும் கூப்பிட்டு விசாரிக்கணும்."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐந்து வார்த்தையில் ஒரு வாக்கியம், அடுத்ததும் அதே அளவு. எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது. சொன்னதையே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அங்கங்கே ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டு, அதை அடித்துவிட்டுச் சாதாரண வார்த்தை போட்டிருந்தாள். அடித்த வார்த்தைகள் எல்லாமே சரியானவை.

வெளியே ஓடினேன். அவள் வராந்தா முனையில், மஞ்சூர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலைம்மா இது? ஏன் இப்படி எழுதுன?"

"தப்புங்களா டீச்சர்?" அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "நல்லா எழுதுனா மறுபடி சந்தேகம் வருமுங்கல்ல? ரெண்டும் ஒத்துப் போகணும்னு சார் சொன்னாரு. அதான் எவ்வளவு பேசுவனோ அவ்வளவே எழுதுனேன்."

"கோகிலா, அறுபது வேணும்மா. அறுபதாச்சும் வாங்கியிருக்கணுமே."

"அறுபதுக்குன்னுதான் பாத்துப் பாத்து எழுதுனேன். நல்லா எழுதத் தெரியுது டீச்சர். அறுபது மார்க்குக்கு எப்படி எழுதறதுன்னுதான் தெரியலை."

நான் அழுதேன். நடு வராந்தாவில், எக்ஸ்ரே டீச்சர், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரும்மா, இங்கயே இரு, பஸ் போனாப் போகட்டும்" என்றேன். பிறகு ராஜசேகர் அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அடித்திருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். இன்னொரு தாள் கொடுங்கள், இப்போதே உங்கள் கண் முன்னால் எழுதட்டும் என்று கெஞ்சினேன்.

ராஜசேகர் குறுக்கிடாமல் முழுதும் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் மெல்ல. "புதன்கிழமை நீங்க அவங்க ஊட்டுப் பக்கம் போயிட்டு வந்தீங்க. வந்ததுல இருந்து அவங்களுக்காகவே பேசறீங்க. அங்க என்னங்க நடந்துச்சு?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.